குரிச்சிபா: பேருந்துக்கு முன்னால் வந்த சட்டம்

குரிச்சிபா என்றதும் நகரமைப்பு படித்தவர்களின் நினைவுக்கு வருவது ஒரே ஒரு படம்தான். சாலை நடுவே தரைக்குச் சற்று உயரத்தில் படுக்கவைத்த கண்ணாடிக் குழாய் போல ஒரு நிறுத்தம். அதை ஒட்டி வந்து நிற்கும், மூன்று பெட்டிகளைக் கோத்தாற்போன்ற நீளமான சிவப்புப் பேருந்து. தெற்கு பிரேசிலின் பரானா மாநிலத் தலைநகரான அந்த ஊரைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் மேயர்கள் போனார்கள். குழாயைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். ஆனால் அந்தக் குழாய் 1991இல் வந்தது. தனிப்பாதையில் விரைவுப் பேருந்து ஓடத் தொடங்கியது 1974இல். அந்தப் பாதை எங்கே போக வேண்டும் என்பது 1966லேயே சட்டமாகியிருந்தது. கடைசியாக வந்த பொருள்தான் கண்ணில் படுகிறது. முதலில் வந்தவை விதிப்புத்தகத்திலும் கணக்கேட்டிலும் கிடக்கின்றன. குரிச்சிபாவின் பேருந்து வெற்றிக்கு வண்டி காரணமில்லை, நிறுத்தமும் காரணமில்லை. எந்தத் தெருவில் எத்தனை மாடி கட்டலாம் என்ற விதியும், வண்டி ஓட்டுபவருக்கு எந்தக் கணக்கில் கூலி என்ற விதியுமே காரணம். இந்தப் பகுதி முழுவதும் அதைத்தான் நிறுவப் பார்க்கிறேன்.

சென்ற பகுதியை 1943இல் பிரெஞ்சு நகரமைப்பாளர் ஆல்ஃபிரெட் அகாஷ் வரைந்து கொடுத்த திட்டத்தோடு நிறுத்தினோம். நடுவில் மையம், அதைச் சுற்றி வட்ட வட்டமாகச் சாலைகள், மையத்திலிருந்து கிளம்பும் அகலமான ஆரச் சாலைகள் என்பது அவர் வரைபடம். அதில் ஒரு பகுதிதான் நிறைவேறியது. அந்த வரைபடம் எதிர்பாராத வேகத்தில் ஊர் வளர்ந்தது. 1950இல் சுமார் 1.8 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1960இல் 3.6 லட்சம், 1970இல் 6 லட்சம், 1980இல் 10 லட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் வடபகுதிக் காப்பித் தோட்டங்கள் ஆள்வேலையைக் கைவிட்டுச் சோயாவுக்கும் இயந்திரத்துக்கும் மாறிக்கொண்டிருந்தன. 1975 ஜூலையில் விழுந்த கடும் உறைபனி மிச்சமிருந்த காப்பிச் செடிகளையும் கருக்கியது. நிலத்தில் வேலை இழந்தவர்கள் தலைநகரத்துக்கு வந்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்லச் சிறு முதலாளிகளின் பேருந்துகள் இருந்தன. 1955இல் மேயர் நேய் பிராகா காலத்தில் நகரம் பல பரப்புகளாகப் பிரிக்கப்பட்டு, பரப்புக்கு ஒரு நிறுவனம் என்று உரிமம் தரப்பட்டது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி முக்கியம். குரிச்சிபா தன் பேருந்துகளை அரசுடைமை ஆக்கவில்லை. அன்றைய தனியார் நிறுவனங்களை வைத்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் செய்தது.

1964இல் மேயர் இவோ அர்ஸுவா புதிய திட்டத்துக்குப் போட்டி அறிவித்தார். சாவ் பாவ்லோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜோர்ஜி வில்ஹைம் இடம்பெற்ற குழு தேர்வானது. 1965 ஜூலையில் 'நாளைய குரிச்சிபா' என்ற பெயரில் கருத்தரங்குகள் நடத்தித் திட்டத்தை ஊரார் முன் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இப்புக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நகர ஆய்வு, திட்டமிடல் நிறுவனம் பிறந்தது. 1966இல் திட்டம் சட்டமானது. வட்டமாக வளரும் ஊர் எல்லோரையும் ஒரே நடுப்புள்ளிக்கு இழுக்கும், அதை எவ்வளவு அகலமான சாலையும் தாங்காது என்பதே வில்ஹைம் குழுவின் அடிப்படைக் கண்டுபிடிப்பு. ஆகவே ஊரை நீளவாட்டில் வளர விடுவது, மையத்தின் நெருக்கத்தை ஓர் அச்சின் வழியே வெளியே இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தார்கள். அச்சின் மேல் பொதுப் போக்குவரத்து. அதன் இருபுறமும் உயரக் கட்டடங்கள். விலக விலகத் தாழ்ந்த வீடுகள். அந்த வரைபடத்தை ஊரின் மேல் பதிக்கும் வேலையை இப்புக் ஏற்றது. அதன் இளம் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான ஜைமி லெர்னர், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் மகன், 1971இல் 33 வயதில் மேயராக நியமிக்கப்பட்டார்.

இங்கே சற்று நின்று அந்தச் சாலை அமைப்பைப் பார்க்க வேண்டும். அச்சுக்கு ஒரே பெருஞ்சாலை போட்டால் ஊரின் பழைய வீடுகளை வரிசையாக இடிக்க வேண்டியிருக்கும். இப்புக் அப்படிச் செய்யாமல், ஏற்கெனவே அடுத்தடுத்து இணையாக ஓடிய மூன்று தெருக்களை ஒரே சாலையாகப் பாவித்தது. நடுத்தெருவின் மையத்தில் போகவும் வரவும் பேருந்துக்கு மட்டுமான இரு தடங்கள்; அவற்றின் இரு பக்கமும் அந்தத் தெருக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வருபவர்களுக்கான மெதுவான வழி. ஒரு தெரு தள்ளி இடப்புறம் ஒருவழிச் சாலை, வலப்புறம் எதிர்த்திசையில் இன்னொன்று. காரில் விரைந்து போகிறவர்கள் அவற்றில் போகலாம். இடிப்பு மிகக் குறைவு. இந்த மூன்று தெருக்களுக்கு இடைப்பட்ட மனைகளுக்குத்தான் திட்டத்தின் உயிரான விதி எழுதப்பட்டது. அங்கே மனைப் பரப்பின் ஆறு மடங்கு வரை தளப்பரப்பு எழுப்பலாம். கீழ்த் தளங்கள் மனை எல்லை வரை வந்து, கடைகளும் அலுவலகங்களுமாக இருக்க வேண்டும். அவற்றுக்கு மேலே குடியிருப்பு. அச்சிலிருந்து விலகப் போகப் போக அந்த ஆறு மடங்கு படிப்படியாகக் குறையும். நம் ஊர்ப் பத்திரிகைகளின் வீடு-மனைப் பக்கங்களில் தளப்பரப்புக் குறியீடு என்று வருகிறதே, அதுதான் இது. ஒரு நகராட்சி தன் கையிலிருந்து ஒரு காசும் செலவழிக்காமல் நிலத்துக்குத் தரக்கூடிய மதிப்பு அது. குரிச்சிபா அந்த மதிப்பைப் பேருந்து போகும் தெருவுக்கு மட்டும் தந்தது. மற்ற இடங்களுக்கு மறுத்தது. தந்ததைவிட மறுத்ததுதான் கடினமான செயல் என்பேன். மறுக்கப்பட்ட இடங்களில் நிலம் வைத்திருந்தவர்கள் செல்வாக்கு இல்லாதவர்கள் அல்லர்.

1974 செப்டம்பர் 22 அன்று வடக்கு-தெற்கு அச்சில், சுமார் 20 கிலோமீட்டர் தனித்தடத்தில் முதல் விரைவுப் பேருந்துகள் ஓடின. அதற்கு எட்டு நாள் முன்புதான், செப்டம்பர் 14 அன்று, சாவ் பாவ்லோவின் மெட்ரோ ரயில் திறக்கப்பட்டிருந்தது. ஒரே நாட்டில் ஒரே மாதத்தில் ஒரே சிக்கலுக்கு இரண்டு விடைகள். குரிச்சிபாவிடம் சுரங்கம் தோண்டப் பணமில்லை. 1973இன் எண்ணெய் விலையேற்றம் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்த பிரேசிலை உலுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் மலிவு மட்டுமே பேருந்தைத் தேர்ந்ததற்குக் காரணம் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். ஒரு தடம் பிழைக்க அதன் இரு மருங்கிலும் நடந்து வரும் தூரத்தில் ஆட்கள் வேண்டும். இரு முனையிலும் மட்டுமல்லாமல் நடுவிலும் ஏறி இறங்க வேலையும் கடையும் வேண்டும். காலையில் ஒரு திசையில் நிரம்பி, திரும்பும்போது காலியாக வரும் வண்டி கட்டுப்படியாகாது. கடை, அலுவலகம், வீடு மூன்றும் அச்சு நெடுக வரிசையாக நின்றபோது இரு திசையிலும் ஆள் கிடைத்தார்கள். ஜோவாவ் குவால்பெர்த்து நிழற்சாலையிலும் செத்தி தெ செத்தெம்ப்ரோ நிழற்சாலையிலும் இன்று எழுந்து நிற்கும் மாடிக் கட்டடங்களின் வரிசையை விமானத்திலிருந்து பார்த்தாலே பேருந்துத் தடம் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். பேருந்துக்கு ஆள் பிடித்துத் தந்தது அந்தக் கட்டடச் சட்டம்.

இரண்டாவது விதி கூலியைப் பற்றியது. அச்சுகள் மூன்றான பிறகு, தெற்கில் பொக்கெராவ் 1977இலும் கிழக்கு-மேற்கு 1980இலும் சேர்ந்த பிறகு, நகரம் ஒரே கட்டணத்தை அறிவித்தது. சுற்றுச்சுவர் கொண்ட முனையங்களுக்குள் ஆரஞ்சு நிற ஊட்டுப் பேருந்தில் வந்திறங்கி, சிவப்பு விரைவுப் பேருந்திலோ பச்சை நிறச் சுற்றுப் பேருந்திலோ இன்னொரு சீட்டு வாங்காமல் ஏறலாம். எத்தனை மாறினாலும் ஒரே கட்டணம். மையத்துக்கு அருகே குடியிருந்து இரண்டு கிலோமீட்டர் போகிறவர் கொடுக்கும் காசில் ஒரு பகுதி, ஊர்க்கோடியிலிருந்து இருபது கிலோமீட்டர் வருகிறவரின் செலவுக்குப் போகிறது. ஊர்க்கோடியில்தான் ஏழைகள் இருந்தார்கள். ஆகவேதான் அதைச் 'சமூகக் கட்டணம்' என்றார்கள். அழகான ஏற்பாடுதான், ஆனால் பேருந்து முதலாளிக்கு இது பெருந்தொல்லை. காசு வாங்கிய நிறுவனம் ஒன்று, நெடுந்தூரம் சுமந்து போகும் நிறுவனம் வேறொன்று. சீட்டு விற்ற பணம் விற்றவருக்கே சேரும் என்றால் ஒவ்வொருவரும் மையத்துக்கு அருகே ஆள் ஏற்றப் பார்ப்பார்களே தவிர, ஊர்க்கோடிக்கு வண்டி விட மாட்டார்கள். ஒரே தடத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் வசூலுக்காக முந்தியடித்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

1987இல் அந்த முடிச்சு அவிழ்ந்தது. உர்ப்ஸ் என்ற நகராட்சி நிறுவனம் மொத்த வசூலையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. தனியார் நிறுவனங்களுக்கு ஏற்றிய தலைக்குக் கணக்கில்லை, ஓடிய கிலோமீட்டருக்குத்தான் கணக்கு. எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு என்பதை உர்ப்ஸ் சொல்லும். சொன்னபடி ஓடினால் பணம். வண்டியின் விலையில் மாதம் சுமார் ஒரு சதவீதம் முதலுக்கான ஈடாகத் தனியே சேரும். பத்து வருடம் ஓடிய வண்டி சேவையிலிருந்து விலகும். அப்படி விலகிய சில பேருந்துகளை நகராட்சி, தொழில் கற்றுத்தரும் நடமாடும் வகுப்பறைகளாக மாற்றி ஓட்டியது. இதனால் பழைய ஓட்டை வண்டியை இன்னும் இரண்டு வருடம் இழுக்க வேண்டிய அவசியம் முதலாளிக்கு இல்லாமல் போனது. கூட்டம் சேரட்டும் என்று நிறுத்தத்தில் காத்து நிற்க வேண்டிய அவசியம் ஓட்டுநருக்கு இல்லாமல் போனது. ஆள் குறைந்த தடத்துக்கும் ஆள் நிறைந்த தடத்துக்கும் நிறுவனம் ஒரே மனத்தோடு வண்டி விட்டது. பேருந்து தனியாருடையது, தடம் ஊருடையது, வசூல் பொதுவுடையது. இந்த மூன்றையும் பிரித்ததுதான் குரிச்சிபாவின் உண்மையான பொறியியல்.

இந்தப் பின்னணியில் குழாயைப் பார்த்தால் அதன் இடம் விளங்கும். 1991இல் அது முதலில் வந்தது தனித்தடத்துக்காகக்கூட இல்லை. 'சிறுவிரைவி' என்று பொருள்படும் பெயரோடு, பக்கத்து ஒருவழிச் சாலைகளில் சாதாரண வாகனங்களோடு கலந்து ஓடிய வெள்ளி நிறப் பேருந்துகளுக்காக. கட்டணம் குழாயின் வாசலில் முன்கூட்டியே வாங்கப்படும். குழாயின் தரையும் பேருந்தின் தரையும் ஒரே மட்டம். கதவு திறந்ததும் ஒரு பலகை விழுந்து பாலமாகும். படியேறும் நேரமும் சில்லறை தேடும் நேரமும் மிச்சம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் வழி இருந்தது. அடுத்த ஆண்டு பொக்கெராவ் அச்சில் 270 பேர் கொள்ளும் மூன்று பெட்டிப் பேருந்தை, குரிச்சிபாவிலேயே தொழிற்சாலை வைத்திருந்த வோல்வோ கட்டிக் கொடுத்தது. சென்னைவாசிகள் வெஸ்டிபுல் பஸ் என்று அறிந்த வண்டிக்கு இன்னொரு பெட்டி கூட்டினால் அதுதான். நல்ல கண்டுபிடிப்புகள். ஆனால் வண்டியில் ஏறும்போது காசு வாங்க வேண்டியதில்லை என்று முடிவெடுக்க, அந்தக் காசு எந்த வண்டிக்காரருக்கும் சொந்தமில்லை என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 1987 இல்லாமல் 1991 இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. மாநிலத் தலைநகரங்களின் மேயர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. லெர்னர் இரண்டு முறை நியமன மேயர். கேள்வி கேட்க ஆளில்லாத காலத்தில் எந்த விதியையும் எழுதலாம், சட்டத்தின் பெருமையல்ல இது, சர்வாதிகாரத்தின் வசதி என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது; மறைக்கக் கூடாது. 1972 மே மாதத்தில் நகரின் முக்கியக் கடைத்தெருவான பதினைந்தாம் நவம்பர் தெருவை ஒரு வார இறுதியில் கார்களுக்கு மூடி நடைபாதையாக்கியபோது, வணிகர்கள் நீதிமன்றம் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதே திட்டமாக இருந்தது. அதே குழு இடையூறில்லாமல் பல்லாண்டு தொடர்ந்ததும் அந்தக் காலத்தின் கொடை. ஆனால் சர்வாதிகாரமே காரணமென்றால் மற்றத் தலைநகரங்களிலும் இதே விளைவு வந்திருக்க வேண்டும். சாவ் பாவ்லோவின் நியமன மேயர் பாவ்லோ மலூஃப் தன் அதிகாரத்தைக் கொண்டு, குடியிருப்புகளின் ஜன்னலை உரசும்படி ஒரு மேம்பாலக் கார்ச் சாலையைக் கட்டி 1971இல் திறந்தார். அதே ஆட்சி, அதே அதிகாரம், வேறு முடிவு. இன்னொரு சான்று இதைவிடத் தெளிவானது. 1985இல் தலைநகரங்களுக்குத் தேர்தல் திரும்பியபோது லெர்னர் போட்டியிட்டார். ரொபெர்த்து ரெக்கியாவ் என்ற எதிரணிக்காரரிடம் தோற்றார். கிலோமீட்டர் கணக்கு வந்தது அந்த ரெக்கியாவ் மேயராக இருந்தபோது. லெர்னர் மறுபடி மேயராகத் தேர்வானது 1988இல், மக்கள் வாக்கில். குழாயும் மூன்று பெட்டிப் பேருந்தும் அந்தப் பதவிக் காலத்தில் வந்தவை. நியமன மேயர் நட்ட விதி, அவரைத் தோற்கடித்தவர் கையில் வளர்ந்திருக்கிறது. ஆளைவிட விதி நிலைத்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது மறுப்பு எனக்கு அதிக வலி தருவது. ஆறு மடங்கு கட்டலாம் என்ற அனுமதி அச்சின் மனைகளை விலை உயர்ந்தவையாக்கியது. பேருந்துக்காக எழுப்பப்பட்ட மாடிகளில் கார் வைத்திருப்பவர்கள் குடியேறினார்கள். பேருந்தைத்தவிர வேறு வழியில்லாதவர்கள் அச்சிலிருந்து தள்ளி, பிறகு நகர எல்லையையும் தாண்டிப் பக்கத்து நகராட்சிகளில் மலிவு மனை தேடிப் போனார்கள். குரிச்சிபா ஒரே சமயத்தில் பேருந்துக்குப் பெயர் போன ஊராகவும், ஆளுக்கு எத்தனை கார் என்ற கணக்கில் பிரேசில் தலைநகரங்களின் முன்வரிசையில் நிற்கும் ஊராகவும் இருப்பதன் விளக்கம் இதில் இருக்கிறது. ஒரே கட்டணம் இந்த அநீதியைக் கொஞ்சம் ஈடு செய்தது. தொலைவுக்குத் தள்ளப்பட்டவர் தொலைவுக்கான விலையைத் தரவில்லை. 1989இல் குப்பை வண்டி நுழைய முடியாத சேரிகளில் குப்பைப் பையைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குப் பேருந்துச் சீட்டு தரப்பட்டது. ஆனால் மதிப்பு கூட்டப்பட்ட நிலத்தில் ஏழைகளுக்கென்று போதிய வீடுகளைச் சட்டமே ஒதுக்கியிருக்க வேண்டும், ஒதுக்கவில்லை. இந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறேன். என் வாதத்தை இது முறிக்கவில்லை, உறுதி செய்கிறது. கட்டட விதி பேருந்துக்குப் பயணியைத் தரும் அளவு வலிமையானது. அதே வலிமையோடு பயணியை விரட்டவும் செய்தது.

மூன்றாவது மறுப்பு இன்றைய நிலையைக் காட்டுகிறது. பெருந்தொற்றுக்கு வெகு முன்பே குரிச்சிபாவில் பேருந்துப் பயணிகள் குறையத் தொடங்கிவிட்டார்கள். 2013 ஜூனில் பிரேசில் முழுவதும் கட்டண உயர்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது குரிச்சிபாவும் விலகி நிற்கவில்லை. அந்த ஆண்டே நகரசபை பேருந்து ஒப்பந்தங்களை விசாரிக்கக் குழு அமைத்தது. கிலோமீட்டர் கணக்கில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. ஓடும் தூரம் மாறாமல் ஏறும் ஆள் குறைந்தால், அதே செலவைக் குறைந்த தலைகளின் மேல் பங்கிட வேண்டும்; கட்டணம் ஏறும்; ஏறியதால் இன்னும் சிலர் இறங்கிப் போவார்கள். பெருகிக்கொண்டிருந்த ஊருக்குப் பொருந்திய கணக்கு, பயணி நின்றுபோன ஊரில் எதிராகத் திரும்புகிறது. பயணச்சீட்டு ஒன்றையே வருமானமாக நம்பியிருந்தது பெரும் பிழை என்பது என் கருத்து. கார் ஓட்டுபவரும் நிலச் சொந்தக்காரரும் பேருந்தால் பெற்ற நன்மைக்கு அந்தக் கணக்கேட்டில் வரவு வைக்கவே இல்லை.

ஆனால் பயணிகள் குறைந்த இடம் எது என்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. குரிச்சிபா நகரத்தில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 17.7 லட்சம் பேர். அதையும் சேர்த்து 29 நகராட்சிகள் கொண்ட பெருநகரப் பகுதியில் 35 லட்சத்துக்கும் மேல். வளர்ச்சி எல்லைக்கு வெளியே போய்விட்டது. விதி எல்லையிலேயே நின்றது. 1996இல் மாநில அரசோடு செய்த உடன்பாட்டால் உர்ப்ஸ் அண்டை ஊர்களின் தடங்களையும் சேர்த்து நடத்தியது. ஒரே கட்டணம் எல்லை தாண்டியது. அந்தத் தொலைதூரத் தடங்களின் நஷ்டத்தை நகராட்சி ஏற்பதா மாநிலம் ஏற்பதா என்ற பூசலில் 2015இல் அது உடைந்தது. அண்டை ஊர்ப் பேருந்துகள் மாநில நிறுவனத்தின் கீழ் போயின. கணக்கு இரண்டு, பயண அட்டையும் இரண்டு. பேருந்து அதேதான், சாலையும் அதேதான், குழாய்கள் பளபளவென்று இருந்த இடத்திலேயே இருந்தன.

பார்த்துவிட்டுப் போனவர்களின் கதையும் இதையே சொல்கிறது. பொகோட்டா 2000 டிசம்பரில் திறந்த டிரான்ஸ்மிலேனியோவில் குழாயை எடுத்துக்கொள்ளவில்லை. கிலோமீட்டர் கணக்கை எடுத்துக்கொண்டது. தில்லி 2008இல் சில கிலோமீட்டருக்குப் பேருந்துத் தடம் பிரித்தது. தடத்தின் இருபுறத்து நிலமும் பழையபடியே கிடந்தது, பேருந்து முதலாளிகளின் கணக்கும் பழையபடியே. 2016இல் தடத்தை இடித்தார்கள். அகமதாபாத் 2009இல் ஜன்மார்க் பேருந்தை ஓட்டிவிட்டு, தடத்தை ஒட்டிய மனைகளில் கூடுதல் தளப்பரப்பு தரும் விதியைப் பிந்தைய வளர்ச்சித் திட்டத்தில்தான் சேர்த்தது. அதாவது குரிச்சிபா முதலில் செய்ததைக் கடைசியில். பொகோட்டாவை அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம். குரிச்சிபாவிலோ 1970களில் எழுதிய விதியை இன்று எழுத வேண்டுமென்றால் எழுதுவதற்குரிய கை இல்லை. பிரேசிலின் 1988 அரசியல் சட்டம் நிலப்பயன்பாட்டை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது; 29 நகராட்சிகளுக்கும் சேர்த்து எந்தத் தெருவில் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லவும், அந்தத் தெருவில் ஓடும் வண்டியின் வசூலை ஒரே பெட்டியில் போடவும் அதிகாரம் கொண்ட ஒரே அலுவலகம் அங்கே இன்னும் அமையவில்லை.